பைக் சக்கரம் கழற்ற முதலில் வாங்க வேண்டியது ஸ்பேனர் அல்ல

பஞ்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பதில் சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்பவர்கள், முதல் வேலையாக ஒரு ஸ்பேனர் செட் வாங்குகிறார்கள். எங்களைக் கேட்டால் முதல் செலவு ஸ்டாண்டுக்கு. தவறான ஸ்பேனரால் ஒரு நட்டுதான் கெடும். தவறான ஸ்டாண்டால் வண்டி ஆள்மேல் சாயும்.

சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டியில் பின் சக்கரத்தைக் கழற்ற வேறு ஸ்டாண்ட் தேவையில்லை. முன் சக்கரத்தைக் கழற்றினால் எடை முன்பக்கம் விழுந்து மூக்கு கீழே போகும். எனவே எஞ்சினுக்கு அடியில் ஓடும் ஃபிரேம் குழாய்களுக்குக் கீழே, தடித்த மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுக்க வேண்டும். ஆயில் டிரெயின் போல்ட், சைலன்சர் வளைவு ஆகியவற்றின்மேல் எடை விழவே கூடாது. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சக்கரத்தின் நடுவே செல்லும் தண்டான ஆக்சிலை உருவ ஒரு பக்கம் இழுக்கும்போதே வண்டி செங்கலை விட்டு நகர்ந்துவிடும்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு, வண்டியின் ஒரு முனையை நெம்பித் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். இதில் ஸ்விங் ஆர்மை அடியிலிருந்து தாங்கும் ரப்பர் மெத்தை வகையும், ஸ்விங் ஆர்மில் முறுக்கிய ஸ்பூல்களை (சிறு உருளைகளை) பிடிக்கும் வகையும் உண்டு. செயினுக்கு எண்ணெய் போட முதல் வகை போதும். சக்கரம் கழற்ற ஸ்பூல் வகைதான் நல்லது, வழுக்காது. ஸ்பூல் மரை 6, 8, 10 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். பார்த்து வாங்குங்கள். முன்பக்கத்தைத் தூக்கும் ஸ்டாண்டைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள்: ஏற்றும்போது முதலில் பின்பக்கம், இறக்கும்போது முதலில் முன்பக்கம். தளம் சிமெண்டாக இருக்கட்டும். மண்ணிலும், வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். பின்பக்கம் தூக்கியிருக்கும்போது முன் பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் கட்டி, முன் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள்.

அடுத்தது நட்டைத் தளர்த்துவது. இறுகிய ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகுதான் தூக்க வேண்டும். தூக்கிய வண்டியில் பலம் கொடுத்து நெம்பினால் ஸ்டாண்டோடு சாயும். அன்றாட ஓட்டத்துக்கான கம்யூட்டர் வண்டிகளில் 17, 19, 22, 24 மி.மீ. நட்டுகள் அதிகம். கடைக்குப் போகுமுன் உங்கள் வண்டியில் இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் நட்டு, மறுபக்கம் ஆக்சில் தலை, இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சில வண்டிகளின் முன் ஆக்சிலில் வெளித்தலை இருக்காது, உள்ளே அறுகோணக் குழிதான் இருக்கும். அதற்குப் பெரிய ஆலன் சாக்கெட் வேண்டும்.

வாங்குவது அரை அங்குல டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு), ஆறு முனை சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டுமே பிடிப்பதால் துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கிவிடும். ஸ்க்ரூ ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதன் தாடை கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே நட்டு உருண்டுவிடும். மறுபக்கத்தை அசையாமல் பிடிக்க ஒரு ரிங் ஸ்பேனர் வேண்டும். நட்டு கழலாமல் குறுக்கே செருகிய ஸ்பிலிட் பின் இருந்தால் நோஸ் பிளையரால் உருவி எறிந்துவிடுங்கள். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் மறுபடி வளைத்தால் முறியும். புதிய பின்னைக் கையில் வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பியுங்கள்.

ஸ்பிளெண்டர் போன்ற பல கம்யூட்டர் வண்டிகளில் செயின் பக்கம் இரண்டு நட்டுகள் தெரியும். சிறியது ஆக்சில் நட்டு. பெரியது ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) தாங்கும் ஸ்லீவ் என்ற குழாயின் நட்டு. சக்கரம் மட்டும் வெளியே வர, சிறியதைக் கழற்றினால் போதும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் அப்படியே நிற்கும். பெரியதையும் தொட்டால் செயின் நேர்வரிசையை மறுபடி சரிசெய்ய வேண்டிய வீண்வேலை.

ஆக்சில் சிக்கிக்கொண்டால் இரும்புச் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். மரை முனை பூப்போல விரிந்து, பிறகு நட்டே ஏறாது. நட்டை முனையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் ஏற்றி நைலான் சுத்தியலால் தட்டுங்கள். ஆக்சில் உள்ளே போனதும் பித்தளை அல்லது அலுமினியக் கம்பியால் தள்ளுங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயைத் துணியில் தெளித்துத் தடவுங்கள். டிஸ்க்கிலோ டிரம்மிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. சக்கரம் விழும்போது இரு பக்கமும் இடைவெளி காக்கும் வளையங்களான ஸ்பேசர்கள் உருண்டோடும், இடமும் வலமும் நீளத்தில் வேறுபடும். எனவே கழற்றும் முன் செல்போனில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வண்டியில், டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் பிரேக் ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டுங்கள். பிரேக் பேடுகளுக்கிடையே மரத்துண்டு வையுங்கள். யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளிவரும். ஏபிஎஸ் இருந்தால் சென்சார் வயர் இழுபடாமல் பார்க்க வேண்டும்.

டிரம் வண்டியில் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது ஆங்கர் கம்பி. பிரேக் தகட்டை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் அந்தக் கம்பியின் போல்ட்டை மாட்ட மறந்தால், முதல் பிரேக்கிலேயே தகடு சக்கரத்தோடு சுழன்று, பிரேக் ராடை முறுக்கிப் பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். முன் டிரம்மிலும் இதே ஆபத்து உண்டு: தகட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க்கின் மேட்டில் சரியாக உட்கார வேண்டும்.

இறுக்குவதற்கு, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் தெரிவிக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கத் தயங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 60 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. கைப்பிடியில் சுமார் 24 கிலோ விசை. அதே விசையை 90 செ.மீ. பைப் மாட்டிக் கொடுத்தால் கிட்டத்தட்ட 215 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். மரை இழுபடும், பேரிங் நெருக்குண்டு சூடாகும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். நண்பரின் வண்டிக்கான அளவைக் கடன் வாங்காதீர்கள். அலகையும் பாருங்கள்: ரெஞ்சில் பவுண்டு–அடி அளவுகோலில் 60 வைத்தால் நியூட்டன் மீட்டரில் 81 ஆகும். மரை உலர்ந்திருக்கட்டும், கிரீஸ் ஆக்சில் தண்டில் மெல்லிய பூச்சாக மட்டும். ஒரு 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். இந்த ரெஞ்சால் நட்டைத் தளர்த்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்கு இறக்கி வையுங்கள், ஸ்பிரிங் தளராமல் இருக்கும்.

முன் ஃபோர்க்கில், ஆக்சிலை நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் உள்ள வண்டியில் வரிசை முக்கியம்: ஆக்சிலை இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நாலைந்து முறை அழுத்திவிட்டு, கடைசியாக பிஞ்ச் போல்ட். இதை மாற்றிச் செய்தால் ஃபோர்க் கால்கள் ஒன்றையொன்று நெருக்கியபடியே நின்றுவிடும்.

கிளம்பும் முன் லீவரும் பெடலும் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். கழற்றும்போது பேடுகள் விலகியிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக்கே இருக்காது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள், விரல் போய்விடும். தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய்வந்து, ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் ஸ்பேசரோ பிரேக்கோ சரியாக உட்காரவில்லை என்று பொருள். அப்படியானால் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.