வங்கியில் ‘இல்லை’ என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா மூன்றாவது முறையாகச் சேலத்துக்கு இறங்கி வந்திருந்தார். மகளிர் குழு ஊக்குநர். குழுவுக்கு வங்கிக் கடன் கேட்டு அலைகிறார். கையில் மஞ்சப்பை. உள்ளே தீர்மானப் புத்தகம், பன்னிரண்டு பேரின் ஆதார் ஜெராக்ஸ், அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னத் தாள்கள். ஒவ்வொரு தாளும் ‘எங்களிடம் கடன் பாக்கி இல்லை’ என்று ஒரு வங்கியோ சங்கமோ கொடுத்த ‘நோ டியூ’ சீட்டு. “இன்னும் ரெண்டு பேங்க்ல வாங்கணுமாம்ங்க” என்றார். மூன்று நாள் காப்பித் தோட்டக் கூலியும் பஸ் காசும் போயாச்சு. அந்தச் சீட்டை அவரிடம் யாரும் கேட்டிருக்கவே கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஐ.நா. சபையில் உலக நாடுகள் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. 2030க்குள் வறுமை ஒழிய வேண்டும், பெண்களுக்குச் சம இடம் வேண்டும், எல்லோருக்கும் வேலை வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். எட்டாவது இலக்கிலேயே வங்கிச் சேவை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறது. மரம் நடுவது, கூரையில் சோலார் வைப்பது எல்லாம் வங்கி செய்யலாம், நல்லதுதான். ஆனால் வங்கியின் தொழில் கடன் கொடுப்பது. யாருக்குக் கொடுக்கிறது, யாரைத் திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் அந்த இலக்குகளுக்கு அது செய்யும் வேலை இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு ஒரு விதி உண்டு. ‘முன்னுரிமைத் துறைக் கடன்’ என்பார்கள். வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை இந்தத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் விவசாயத்துக்கு 18, அந்த 18க்குள் சிறு, குறு விவசாயிக்கு 10, குறுந்தொழிலுக்கு 7.5, நலிந்த பிரிவினருக்கு 12. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், கைவினைஞர்கள், சுய உதவிக் குழுக்கள் எல்லாம் அந்த 12க்குள் வருவார்கள். குறைந்தால் அந்தத் தொகையை ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கிராம உள்கட்டமைப்பு நிதி போன்றவற்றில் குறைந்த வட்டிக்குப் போட வேண்டிவரும். இவ்வளவு சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். கவுன்டர் முன்னால் நிற்கும்போது, உங்கள் விண்ணப்பம் அவர்கள் கணக்குக்கும் தேவைப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி குழுக் கடன். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான்.

“உங்க குழுக் கணக்கு தொடங்கி ஆறு மாசம் ஆகலையேம்மா” என்பது முதல் பதில். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கான விதியில் ஆறு மாதம் என்பது சரி. ஆனால் அந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகத்தை வைத்து எண்ண வேண்டும், வங்கிக் கணக்கு திறந்த தேதியை வைத்து எண்ணக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஜனவரியில் கூட்டம் போட்டு, சேமித்து, உள்கடன் கொடுத்துப் புத்தகம் எழுதிய குழு, மே மாதம்தான் கணக்கு திறந்தது என்றாலும் அதன் வயது ஜனவரியிலிருந்துதான். அதனால் புத்தகத்தை ஒழுங்காக எழுதுங்கள். கூட்டம் நடந்த அன்றே தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே ராத்திரியில் எழுதிய புத்தகம் பார்த்த உடனே தெரிந்துவிடும். அது நமக்கே கெடுதல்.

கணக்குத் திறக்கும்போதே பன்னிரண்டு பேரும் நேரில் வரவேண்டும் என்பார்கள். தேவையில்லை. சேமிப்புக் கணக்கு திறக்கப் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும். மற்றவர்களுடையதைக் கடன் தரும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மலையிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே நாளில் கிளம்பினால் பன்னிரண்டு வீட்டுக் கூலி நிற்கும் என்பது ஏசி அறையில் இருப்பவருக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது ஹோல்டு. கடன் பாஸ் ஆகும், கூடவே குழுவின் சேமிப்பில் ஒரு பகுதியை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். அல்லது “ஒரு எஃப்.டி. போட்டுடுங்க, லோன் சீக்கிரம் வரும்” என்பார்கள். 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, முன்பணம் கேட்கக் கூடாது, சேமிப்பை நிறுத்தி வைக்கக் கூடாது, டெபாசிட் கேட்டு வற்புறுத்தவும் கூடாது. நான்கும் எழுத்தில் இருக்கும் விதிகள். நம் பணத்தையே அவர்களிடம் பூட்டி வைத்துவிட்டு, நம்மிடமே வட்டி வாங்குவது எந்த ஊர் நியாயம்? பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, இருப்புத் தொகையையும் எடுக்கக்கூடிய தொகையையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஹோல்டு விழுந்திருக்கிறது.

“உங்க குழுவில ஒருத்தர் வீட்டுக்காரர் கடன் கட்டலை, அதனால குழுவுக்கே கிடையாது” என்பது இன்னொன்று. மலைக் கிராமங்களில் இது நிறைய. உறுப்பினரோ அவர் வீட்டாரோ தனியாக வாங்கிய கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் குழுவுக்குக் கடன் மறுப்பது முறையல்ல. குழு வாங்கிய கடன் நிலுவையில் இருக்கக் கூடாது. நிலுவை வைத்த அந்த ஒருவருக்கு இந்தக் கடனிலிருந்து பங்கு கொடுக்காமல் தீர்மானம் எழுதிக்கொண்டால் சரி.

இப்போது அந்த ‘நோ டியூ’. கிராமப்புற, சிறுநகரப் பகுதியில் தனிநபரிடமும் குழுவிடமும் இந்தச் சான்றைக் கேட்பதைக் கைவிடுமாறு ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லியாயிற்று. அரசுத் திட்டத்தின் விதியிலேயே அது கேட்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு. வேறு கடன் உண்டா என்று பார்க்க வங்கியிடமே கடன் வரலாற்று அறிக்கை இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியதற்கு ஒரு பெண்ணை மூன்று நாள் மலை இறக்கி ஏற்றுகிறார்கள். “எங்களுக்கு வேறு கடன் இல்லை” என்று நீங்களே ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

முதல் கடனுக்கு “அம்பதாயிரம் வாங்கிக் கட்டிக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று சொன்னால் சம்மதிக்க அவசரப்படாதீர்கள். முதல் தவணைக் கடனே குழுவின் மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது என்பதுதான் அளவு.

மலைக்குக் கீழே ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பயிர்க்கடன் கேட்டுப் போனால் “நகை இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விவசாயி தானாக விரும்பி நகையை வைத்தால் அது விதிமீறல் ஆகாது என்று அதே ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்துவிட்டது. அதனால் நீட்டுகிற படிவத்தில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு உங்கள் புகார் நிற்காது. நகைக் கடன்தான் வேண்டுமென்றால் வாங்குங்கள். பயிர்க்கடனுக்குப் போய் நகைக்கடனோடு திரும்பாதீர்கள்.

கிசான் கார்டில், அதாவது விவசாயிக்கான கடன் அட்டையில், 3 லட்சம் வரை குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம்தான். தேதி தப்பினால் அந்தச் சலுகை போய்விடும். தேதியைக் கேட்டு வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வங்கியிலிருந்து யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்று இருக்காதீர்கள்.

கொலுசுப் பட்டறை, தறி, தையல் என்று தொழில் செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: குறு, சிறு தொழிலுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 20 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. சிறுதொழிலுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இலவசம், காசு கேட்பவர் தரகர். முதல்முறை கடன் கேட்பவருக்கு ‘சிபில் ஸ்கோரே (பழைய கடனை வைத்துப் போடும் மதிப்பெண்) இல்லை’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது.

கடன் வேண்டாதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஏற்காட்டில் மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுகிறார்களே, அவர்கள் அத்தனை பேருக்கும் இது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஏறி விழுந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்து மஞ்சள் பற்றுப் போட்டார்கள். இரண்டாம் நாள் இறந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லை. காப்பீட்டுப் பணமும் வரவில்லை. மரத்திலிருந்து விழுதல், பாம்புக்கடி போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு வேண்டும் என்பது விதி. அடி சின்னதாகத் தெரிந்தாலும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ‘மரத்திலிருந்து விழுந்தார்’ என்றே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும். இரண்டு கணக்கில் பிடித்தாலும் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும்.

சரி, எல்லாம் சொல்லியும் ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால்? வாயால் கேட்பதை நிறுத்துங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கடன் விண்ணப்பத்துக்கு ஒப்புகை தருவது வங்கியின் கடமை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவதும் கடமை. அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து உறுதிமொழியையும் விண்ணப்பத்தையும் எழுதினோம். கிளையில் முத்திரை கேட்டதும் முகம் மாறியது, ஆனால் வைத்துக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த இரண்டு ‘நோ டியூ’வை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

முத்திரையும் தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்க ஒரு லீட் பேங்க் மேலாளர் இருக்கிறார், அவருக்கு ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

கடைசியாக, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 14448 எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால் திருப்பிவிடுவார்கள். புகாரில் ‘கடன் தரவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி மூடிவிடுவார்கள். ‘இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், ஒப்புகை தரவில்லை’, ‘காரணத்தை எழுத்தில் தரவில்லை’, ‘குழுச் சேமிப்பில் இவ்வளவு ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்’ என்று விதிமீறலைத் தேதியோடும் தொகையோடும் எழுதி, முத்திரை வைத்த நகலை அதோடு இணையுங்கள்.