பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்காத பேதி

கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கு வாரக்கணக்கில் வயிறு சரியில்லை என்று வரும் பெற்றோர் பலரும் கையோடு சொல்வது, "பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்துட்டாங்களே டாக்டர்!" கொடுத்தது நல்லதுதான். ஆனால் ஒரே வேளையில் விழுங்கும் அந்த அல்பெண்டசோல் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. அசுத்த நீரில் வரும் ஜியார்டியா புழு வகையே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஒரு வேளை மாத்திரைக்கு அது அசையாது.

ஜியார்டியா தொற்றினால் மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், குடலைப் புரட்டும் நாற்றம் அடிக்கும். வயிறு உப்பி, ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை வரும். மலத்தில் ரத்தம் போகாது, காய்ச்சலும் அநேகமாக இருக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் பதறுவதில்லை. பிள்ளை சாப்பிடும், உடம்பில் ஒட்டாது. கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் சரியாக உறிஞ்சப்படாமல் எடை குறையும், நாள்பட்டால் வளர்ச்சியும் பின்தங்கும். வகுப்பில் அடிக்கடி எழுந்து வெளியே போகும் பிள்ளையை ஆசிரியர்கள் திட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

தொட்டியில் குளோரின் போடுகிறோமே என்பார்கள். போடத்தான் வேண்டும், பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் ஜியார்டியா கெட்டியான ஓட்டுக்குள் முட்டை போலச் சுருண்டு கிடப்பதால் வழக்கமான அளவு குளோரினைத் தாங்கிவிடும். அப்படிப் பத்து உள்ளே போனாலே தொற்றிக்கொள்ளலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரில் அது பிழைக்காது. அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே கழுவாத கையை விட்டு டம்ளரில் மொண்டால் கொதிக்க வைத்ததே வீண். குழாய் வைத்த பாத்திரம் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும்.

மலப் பரிசோதனையில் ஒருமுறை ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஒட்டுண்ணி தினமும் வெளியேறாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது.

மருத்துவர் இதற்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்தை எழுதினால் பல நாட்கள் கொடுக்க வேண்டியிருக்கும். வாயெல்லாம் உலோகச் சுவை அடிப்பதால் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். பேதி நின்றதும் பாதியில் நிறுத்திவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். முழுதாக முடித்த பிறகும் சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலக்கலாம். பாலைக் கொஞ்ச நாள் குறைத்துப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும்.