டிரஸ்டட் டிராவலர்: தேறிய பயணி

ஒருவருடைய பின்னணியை அரசு முன்கூட்டியே ஆராய்ந்து, கைரேகையையும் முகப்படத்தையும் பதிவுசெய்துகொண்டு, எல்லையில் நெடுநேரம் வரிசையில் நிறுத்தாமல் அவரை விரைவாக அனுப்பிவைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உள்ளது. அதில் சேர்ந்தவரே ‘டிரஸ்டட் டிராவலர்’. அமெரிக்கா 2008இல் தொடங்கிய குளோபல் என்ட்ரி இவ்வகையில் நன்கறியப்பட்டது. 2017 முதல் இந்தியக் குடிமக்களும் அதில் சேரலாம். பின்னணி ஆய்வும் நேர்காணலும் முடிந்து கிடைக்கும் உறுப்புரிமை 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இந்தியாவும் இத்தகைய திட்டத்தை 2024 ஜூனில் தில்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் விரிவாக்கியது.

தமிழில் இவரை ‘நம்பகமான பயணி’ என்று எழுதுகிறார்கள். பொருள் புரிகிறது என்றாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. நம்பகம் என்பது ஒருவருடைய குணத்தைப் பற்றிய சொல். ஆகவே திட்டத்தில் சேராதவர் நம்பத் தகாதவர் என்ற குறிப்பு அதில் தானாகவே வந்துவிடுகிறது. இங்கே அரசு செய்வதோ ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள்வது மட்டுமே. அந்த ஆராய்ச்சியையும் அதன்பின் வரும் ஏற்பையும் சேர்த்துச் சொல்லும் வினை தமிழில் முன்பே இருக்கிறது.

‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள்’

என்னும் குறளில் (509) தேர்தல் ஆராய்வதையும், தேறுதல் ஆராய்ந்தபின் நம்புவதையும் குறிக்கின்றன. இன்றைய வழக்கில் தேர்வில் வெற்றி பெற்றவரைத் ‘தேறியவர்’ என்கிறோம். அந்தப் பொருளும் இங்கே அப்படியே பொருந்துகிறது. எனவே ‘தேறிய பயணி’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். பயணத்துக்குப் பழந்தமிழில் ‘செலவு’ என்ற அழகான சொல் உண்டு. ஆனால் அது இன்று பணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், ‘பிரயாண’த்தின் வழிவந்த ‘பயணி’ இருப்பதே தெளிவு.

இச்சொல்லோடு, எல்லையில் கடவுச்சீட்டைத் தானே சரிபார்த்துத் திறக்கும் வாயிலான ‘ஈ-கேட்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இத்தகைய வாயில்களை, குறிப்பிட்ட நாடுகளின் மின்னணுக் கடவுச்சீட்டு (சிப் பதித்த பாஸ்போர்ட்) வைத்திருப்போர், எந்தத் திட்டத்திலும் சேராமலே பயன்படுத்துகிறார்கள். கடவுச்சீட்டில் படமுள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 குறிகளாக, இடையிடையே அம்புமுனைகள் நிரம்பிய இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்பக்கத்தைக் கண்ணாடிப் பரப்பின் மேல் குப்புற வைத்ததும், இயந்திரம் அவ்வரிகளிலுள்ள கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்து, அவற்றைக் கொண்டே சிப்பைத் திறக்கும் திறவுகோலை உருவாக்கி, உள்ளே இருக்கும் படத்தை எதிரே நிற்பவரின் முகத்தோடு ஒப்பிடுகிறது. ‘இவர் அவர்தானா?’ என்பதே வாயிலின் முதற்கேள்வி. ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்பது தேறிய பயணியிடம் முன்பே கேட்கப்பட்டுவிட்ட கேள்வி.

இவ்வாயிலைத் ‘தானியங்கிக் கடவுவாயில்’ எனலாம். கடத்தற்குரிய வழியே கடவு. இலங்கையில் சாலையைக் கடக்கும் இடம் ‘பாதசாரிக் கடவை’. அந்நாட்டுப் பாஸ்போர்ட்டின் அட்டையிலேயே ‘கடவுச்சீட்டு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். சீட்டுக்கும் வாயிலுக்கும் ஒரே வேர் அமைவது கற்பவருக்கும் எளிது.

கூடவே ஒரு திருத்தம். தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘இமிகிரேஷன்’ என்பதைக் ‘குடியுரிமைச் சோதனை’ என்று எழுதுகிறார்கள். குடியுரிமை ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை. சுற்றுலாவுக்கு வந்திறங்கும் ஒருவரிடம் அதைச் சோதிப்பதாகச் சொல்வது பிழை. இலங்கையின் ‘குடிவரவு’, சிங்கப்பூர், மலேசியாவின் ‘குடிநுழைவு’ இரண்டுமே சரியானவை. ஆகவே இப்படி எழுதலாம்: ‘தேறிய பயணியர் குடிவரவுச் சோதனையைத் தானியங்கிக் கடவுவாயிலில் முடித்துக்கொள்ளலாம்.’