தேதி போட்டு வரும் மாற்றங்கள்

மார்ச் கடைசியில் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பதினாறு வருஷமாக அவருக்குக் கணக்குப் பார்க்கிறேன். 60 தையல் மெஷின் ஓடுகிற கம்பெனி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி. "இன்னும் இருபது மெஷின் போடலாம்னு இருக்கறனுங்க. பேங்க்குக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ரெடி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

அந்த ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்பது திருப்பூரில் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஐந்து வருஷத்து விற்பனை, செலவு, லாபம், கடன் தவணை எல்லாம் வரிசையாக எக்செல் தாளில் இருக்கும். விற்பனை வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். ஏன் 15 என்று யாரும் கேட்பதில்லை. நம் சிறு தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்காலத் திட்டம் என்று எழுத்தில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். கடன் கைக்கு வந்ததும் அது ஃபைலுக்குள் போய்விடும்.

அன்றைக்கு நான் ஒன்றுதான் கேட்டேன். "இருபது மெஷின்லயும் உட்காரப் போறது யாருங்க?"

"காண்ட்ராக்டர் பார்த்துக்குவாருங்க" என்றார்.

அந்தப் பதில் பல நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் நொடித்துப்போன கம்பெனிகள் பலவற்றின் கடைசிக் கணக்கை நான் எழுதியிருக்கிறேன். திடீர் இடி விழுந்து போனவர்கள் அவர்களில் குறைவு. பல வருஷத்துக்கு முன்பே தேதி குறித்துச் சொல்லிவிட்டு வந்த மாற்றத்தில் அடிபட்டவர்கள்தான் அதிகம்.

நான் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் பயிற்சியில், இருந்த காலத்தில் முதலாளிகள் வாயில் ஓயாமல் வந்த வார்த்தை கோட்டா. எந்த நாட்டுக்கு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று அளவு இருந்தது. அந்த அளவை வாங்கி விற்றே பிழைத்தவர்களும் இருந்தார்கள். 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை முடிந்தது. முடியப்போகிறது என்பது 1994-லேயே கையெழுத்தாகி, 1995-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விஷயம். முழுசாகப் பத்து வருஷ அவகாசம். அதை நம்பி நிட்டிங், டையிங், தையல் என்று விரித்தவர்கள் 2005-க்குப் பிறகு மேலே போனார்கள். கோட்டா இருக்கிற வரை பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு அந்த ஜனவரியோடு வருமானம் நின்றது.

சாயப்பட்டறைக் கதை இதைவிடக் கசப்பானது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு செத்தது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரால் அந்தப் பக்கத்து வயல்களும் கிணறுகளும் கெட்டது எல்லாம் நாம் கண்ணால் பார்த்தவை. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்சநீதிமன்றமும் பட்டறைகளின் மேல்முறையீட்டில் விவசாயிகள் பக்கமே நின்றது. 2011 ஜனவரி 28 அன்று, விதியை நிறைவேற்றும் வரை எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவு வந்தது. அன்றைக்கு ஊரே அதிர்ந்தது. ஆனால் கையில் நான்கு வருஷம் இருந்தது. அந்த நான்கு வருஷமும் நான் பார்த்த பட்டறைகளில் பேச்சு ஒன்றுதான்: "எப்படியும் டைம் வாங்கிருவாங்க." இன்றைக்கு அதே ஊர், தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதையே பையரிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம், பெருமையாகக் காட்டுகிறது. தொழில் தப்பித்துக்கொண்டது. அன்றைக்கு மூடிய பட்டறைகளில் பல திரும்பத் திறக்கவே இல்லை. அந்த விவசாயிகளுக்கு ஆன நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

சின்ன மாற்றங்களும் இதே மாதிரிதான் வருகின்றன. பில்லை அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறை, 2020 அக்டோபரில் வருஷத்துக்கு 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு வந்தது. மூன்றே மாதத்தில் 100 கோடி, அப்புறம் 50, 20, 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் "நமக்கு இல்லைங்க" என்று சொன்னவர்கள் அடுத்த படியில் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாமல் போகலாம் என்ற விதி 2023 பட்ஜெட்டில் வந்தது. என் தொலைபேசி அதற்காக அடிக்க ஆரம்பித்தது 2024 பிப்ரவரியில்.

இவையெல்லாம் தேதி தெரிந்த மாற்றங்கள். இன்னொரு வகைக்குத் திசை தெரியும், தேதி தெரியாது. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. வரும், வராது என்று ஐந்து வருஷம் பேசினோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டினாலும், பாதியைத் தாண்டிய தொகை ஊதியக் கணக்கில் சேரும். வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டியின் சுமை அதனால் ஏறும். அதை முன்கூட்டி ஒதுக்கி வைத்திருந்த கம்பெனிகளை என் கைவிரலில் எண்ணிவிடலாம்.

சரி, இப்போது வந்துகொண்டிருப்பவற்றில் முதலில் ஆள் விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஆனால் இதைவிட நிச்சயமாகத் தெரிந்த மாற்றம் வேறில்லை.

2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு இப்போது இருபது வயது. அன்றைக்குப் பிறக்காத பிள்ளை இன்றைக்கு மெஷினில் வந்து உட்காராது. பிறந்த பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021-22 கணக்கில் உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியச் சராசரி 28. ஒரு சமூகமாக இதைவிடப் பெருமை வேறில்லை. டைலர் தேடுகிறவர் அந்தப் பெருமையோடு அதன் விளைவையும் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தை வடக்கிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள். அவர்கள் என்றைக்கும் வருவார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். 2019-21 ஆய்வைப் பாருங்கள். ஒடிசா 1.8, மேற்கு வங்கம் 1.6, ஜார்க்கண்ட் 2.3. பீகார் மட்டும் 3.0, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்று மாநிலங்களிலும் வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு பிள்ளை என்றாகிவிட்டது. அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தால் இரண்டு நாள் ரயிலில் எதற்கு வர வேண்டும்? 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, ஒரே வாரத்தில் எத்தனை லைன் காலியானது என்பது நினைவிருக்கும். அவர்களுக்கு இங்கே பாதுகாப்பும் மரியாதையும் கிடைக்கிறது என்ற நம்பிக்கை நம் தொழிலின் முதலீடுகளில் ஒன்று. அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தெரியாது.

என் கிளையன்ட் ஒருவர் இதை நான் சொல்வதற்கு முன்பே பிடித்துவிட்டார். ஊருக்குள் மெஷின் கூட்டாமல், தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் 40 மெஷின் போட்டார். கட்டிங் இங்கே, தையல் அங்கே, வேன் தினமும் இரண்டு நடை. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வர முடியாத பெண்கள் வீட்டிலிருந்து நடந்து வருகிறார்கள். முதல் ஆறு மாதம் உற்பத்தி பாதிக்கும் கீழே. நஷ்டக் கணக்கைக் காட்டி நானே பயமுறுத்தினேன். "ஆளுங்க கை பழகட்டுங்க" என்று பொறுத்தார். தீபாவளி முடிந்து வடக்கத்தி ஆட்கள் திரும்பாமல் மற்ற கம்பெனிகள் ஷிப்மென்ட் தவறும்போது, அவருடைய யூனிட் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் ஒரு ஆயாவும் வைத்ததுதான் தன் முதலீட்டிலேயே மலிவானது என்று சொல்கிறார்.

ரோபோ வந்து தைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. இரும்பு நின்ற இடத்தில் நிற்கும். பனியன் துணி நெளியும், இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். அதைச் சேர்த்துப் பிடிக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டும். விரிப்பதற்கும் வெட்டுவதற்கும் மெஷின் வந்தாயிற்று, போடலாம். செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைப்பது ஆபீஸ் மேஜையில்தான்: பில் பதிவு, ஆர்டர் ஷீட், பையருக்கு மெயில், டிசைன். எங்கள் அலுவலகத்திலேயே பில் பதிவு வேலை பாதியாகிவிட்டது. அதைச் செய்துகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் வெளியே அனுப்பாமல், ஏற்றுமதி ஆவண வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஐரோப்பா அடுத்தது. பொருட்கள் நீடித்து உழைக்கும்படியும் சுற்றுச்சூழலைக் கெடுக்காதபடியும் இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்கோடிசைன் ஒழுங்குமுறை, அங்கே 2024 ஜூலை 18-ல் நடைமுறைக்கு வந்தது. எந்தெந்தப் பொருளுக்கு முதலில் விதி செய்வது என்ற பட்டியலில் துணிமணிகள் இருக்கின்றன. நூல் எங்கிருந்து, சாயம் எங்கே என்ற விவரங்கள் ஒரு டிஜிட்டல் பாஸ்போர்ட்டாகத் துணியோடு போகும் காலம் வருகிறது. விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கவும் 2026 ஜூலை 19 முதல் அங்கே தடை. இதன் விளைவைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசிக் கேட்கவில்லை. மிஞ்சியதை அழிக்க முடியாதென்றால் பையர் மிஞ்சும்படி வாங்க மாட்டார். ஒரே ஸ்டைலில் 50,000 பீஸ் என்பது குறைந்து, 5,000 பீஸ் பத்துத் தடவை வரும் என்பது என் கணிப்பு. பெரிய லைன் வைத்திருப்பவரைவிட, ஸ்டைலைச் சீக்கிரம் மாற்றத் தெரிந்தவருக்கு அது வசதி. அப்படியானால் இருபது மெஷின் போட வேண்டுமா, இருக்கிற அறுபதை நாலு சின்ன லைனாகப் பிரிக்க வேண்டுமா?

இதையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது என்று கேட்கிறார்கள். பெரிய அறிக்கைகள் எதுவும் வேண்டாம். உங்கள் பையர் அனுப்பும் ஆடிட் படிவத்தை எடுங்கள். போன வருஷப் படிவத்தையும் பக்கத்தில் வையுங்கள். புதிதாக என்ன கேள்வி சேர்ந்திருக்கிறது? "இருந்தால் நிரப்பவும்" என்று ஒரு கட்டம் இருந்தால் அதுதான் செய்தி. தண்ணீர்க் கணக்கு, மின்சாரத்தில் காற்றாலை, சோலார் பங்கு, காண்ட்ராக்டர் ஆட்களின் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு காலத்தில் விருப்பக் கட்டமாகத்தான் இருந்தன. இன்றைக்கு அவை இல்லாமல் ஆர்டர் இல்லை. இந்தப் படிவத்தை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசர் நிரப்பி அனுப்புகிறார், முதலாளி பார்ப்பதே இல்லை.

முன்கூட்டித் தெரியாத அடிகளும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு அமெரிக்கா மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அந்தத் தேதியைச் சில மாதம் முன்பு யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் என் கிளையன்ட் ஒருவருக்கு விற்பனையில் 80 சதவீதம் ஒரே அமெரிக்க பையரிடமிருந்து வந்தது. மூன்று வருஷமாக அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டது நான். அந்த எண் என் கண் முன்னால் இருந்தது, எடுத்துச் சொல்லாமல் விட்டேன். தைத்து முடித்த சரக்கு குடோனில் கிடந்த நாட்களில் அவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு எந்தக் கணக்கை முடித்தாலும் ஒரே பையர், ஒரே நாடு, ஒரே நூல் மில், ஒரே காண்ட்ராக்டர் என்று நாலு எண்களைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். எதுவாவது பாதியைத் தாண்டினால் அன்றைக்கே பேசுகிறோம்.

இப்போது பத்துப் பதினைந்து கம்பெனிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருகிறோம். முதலாளி, புரொடக்‌ஷன் மேனேஜர், கணக்கர், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அவரும். ஒரு சாதாரண நோட்டு. தேதி தெரிந்தவை ஒரு பக்கம், திசை மட்டும் தெரிந்தவை ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் நேராக, நாம் என்ன செய்யப் போகிறோம், யார், எவ்வளவு பணம், எப்போதைக்குள் என்று எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுவோம். முதல் கூட்டத்தில் அதிகம் பேசுவது முதலாளி. மூன்றாவது கூட்டத்தில் மேனேஜர் பேச ஆரம்பிப்பார். ஆள் எப்போது நின்றுபோவார்கள், எந்த மெஷின் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இருபது மெஷின்காரர் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். காண்ட்ராக்டரை நடுவில் வைக்காமல், தன்னிடம் வேலை செய்யும் ஒடிசா ஆட்களிடம் நேரிலேயே பேசியிருக்கிறார். முப்பத்தி நாலு பேரில் பதினோரு பேர் அடுத்த வருஷம் திரும்ப வருவதாக இல்லை. இரண்டு பேர் ஊரிலேயே தையல் யூனிட் ஒன்றில் சேர்ந்துவிட்டார்களாம், மற்றவர்களையும் அங்கே கூப்பிடுகிறார்களாம்.

"ரிப்போர்ட்டை நிறுத்தி வைங்க சார்" என்றார். "மொதல்ல அந்தத் தாராபுரம் யூனிட்டை ஒருக்கா பார்க்கணுமுங்க. அவர்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ண முடியுங்களா?"

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.