பத்துப் பாசியும் ஒரு துணிப்பையும்: கடவுள் நம்பிக்கையை எண்ணுவது எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், நம்ம பக்கத்தில் சாமி நம்பிக்கை இல்லாதவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சுடுமா?"

தெரியாது. அந்தப் படிவம் கேட்பது மதத்தை. நம்பிக்கையை அது கேட்பதே இல்லை. 2011 படிவத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என்று ஆறு மதங்களுக்கு 1 முதல் 6 வரை எண் இருந்தது. வேறு எதைச் சொன்னாலும் பெயராக எழுத வேண்டும். மதம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுத வேண்டும் என்பதும் கணக்கெடுப்பாளருக்கான விதிதான். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் பதில் சொல்கிறார். அப்பா தார்சாவில் உட்கார்ந்து எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார். கல்லூரியில் படிக்கிற மகன் மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்பது அந்தத் தாளுக்கு வந்துசேர வழியில்லை. நிழல் தாங்கல் என்ற தங்கள் வழிபாட்டு இடத்துக்குப் போகிற ஐயாவழிக் குடும்பங்கள் பலவும்கூட இந்து என்ற எண்ணுக்குள்ளேயே அடங்கிப்போகின்றன.

இதன் விளைவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33,000 பேர். மறுவருடம் வெளியான வின்-கேலப் கருத்துக்கணிப்பில் தங்களை நாத்திகர் என்று சொன்ன இந்தியர்கள் 3 சதவீதம். 121 கோடியில் 3 சதவீதம் என்றால் மூன்றரைக் கோடிக்கு மேல். ஒரே நாடு, அடுத்தடுத்த ஆண்டு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டிலும் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. கேட்ட கேள்வி வேறு, கேட்ட ஆள் வேறு, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வேறு.

மதமும் கடவுள் நம்பிக்கையும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 29,999 இந்தியர்களை 17 மொழிகளில் நேரில் கேட்டது. 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஆனால் பௌத்தர்களில் மூன்றில் ஒருவர் நம்பவில்லை என்றார். அவர்களுக்கு மதம் உண்டு, கடவுள் இல்லை. தலைகீழாக, கோயிலும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம், ஆனால் மேலே ஏதோ ஒரு சக்தி இருக்கு என்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சரி, நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன? முதல் சிக்கல் சொல்லில் வரும். நெல்லைச் சீமையில் "சாமி" என்றால் சுடலைமாடன், இசக்கியம்மன், பங்குனி உத்திரத்துக்குத் தேடிப்போகும் சாஸ்தா. "கடவுள்" என்றால் புத்தகத்தில் வருகிற பெரிய, பொதுவான ஒன்று. "அண்ணாச்சி, கடவுள் இருக்காருன்னு நம்புதியளா?" என்பதற்குத் தயங்குகிற ஒருவர், "சாமி உண்டும்லா?" என்றால் உடனே தலையாட்டக்கூடும். கேள்வியை எழுதுகிறவர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கடைசி வீடுவரை அதை மாற்றாமல் கேட்க வேண்டும். இரண்டாவது சிக்கல், பதிலுக்கு எத்தனை கதவு திறந்துவைக்கிறோம் என்பது. அமெரிக்காவில் 2022-ல் கேலப் நிறுவனம் உண்டா, இல்லையா என்று மட்டும் கேட்டபோது 81 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். 2023-ல் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்ற மூன்றாவது கதவையும் திறந்தார்கள். நம்புகிறவர்கள் 74 சதவீதம் ஆனார்கள், 14 சதவீதம் பேர் நடுவில் போய் நின்றார்கள்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது: வெட்கமும் பயமும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருகிறவர்களிடம் நம்பிக்கை இல்லாதவரும் மறுக்காமல் கொடுத்துவிடுகிறார். ஊரோடு ஒத்து வாழ அது தேவை. கருப்புச் சட்டை போட்டு மேடையில் பேசுகிறவர் யார் கேட்டாலும் தன் கருத்தைச் சொல்லிவிடுவார். மாமியார் சோறு பரிமாறிக்கொண்டிருக்கையில் கேட்டால் மருமகன் சொல்ல மாட்டார். அவருக்கு ஒரு மறைப்பு வேண்டும்.

அந்த மறைப்பை 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கணக்காலேயே நெய்து கொடுத்தார். ஒருவர் சொன்ன பதிலை வைத்து அவரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரின் பதிலைக் கூட்டினால் உண்மை மேலே மிதந்து வந்துவிடும். எட்டாம் வகுப்புச் சமன்பாடு ஒன்று போதும். புள்ளியியலில் இத்தனை எளிமையும் இத்தனை அழகும் ஒருங்கே அமைந்த உத்திகள் கொஞ்சம்தான்.

நம்மூர்ச் சாமான்களை வைத்தே செய்யலாம். உள்ளே தெரியாத கெட்டித் துணியில் ஒரு சுருக்குப்பை. அதில் ஒரே அளவு, ஒரே வழவழப்புள்ள பத்துப் பாசிமணிகள்: 7 சிவப்பு, 3 பச்சை. தாயம் விளையாட உரசிய புளியங்கொட்டை கூடாது. உரசிய பக்கத்தை விரல் கண்டுபிடித்துவிடும். கூடவே ஓர் அட்டை. அதில் சிவப்புப் புள்ளிக்கு எதிரே "கடவுள் இல்லை என்பது என் எண்ணம்" என்றும், பச்சைப் புள்ளிக்கு எதிரே "கடவுள் உண்டு என்பது என் எண்ணம்" என்றும் எழுதியிருக்கும். பதில் சொல்பவர் பையைக் குலுக்கி, ஒரு பாசியை எடுத்து, உள்ளங்கைக்குள் வைத்துத் தான் மட்டும் பார்க்கிறார். அந்த நிறத்துக்குரிய வாசகம் தனக்குப் பொருந்துகிறதா, இல்லையா என்பதை மட்டும் சொல்கிறார். பாசியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடுகிறார். கேட்டவருக்கு எந்த நிறம் வந்தது என்று தெரியாது. அதனால் "பொருந்துது" என்ற பதிலுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரியாது.

இப்போது 1,000 பேரிடம் போய் வந்தோம், 340 பேர் "பொருந்துது" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை இல்லாதவர்களின் பங்கு x. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குச் சிவப்பு வரும், அவர்கள் "பொருந்துது" என்பார்கள். நம்புகிறவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குப் பச்சை வரும், அவர்களும் அதையே சொல்வார்கள். ஆக 0.7x + 0.3(1 − x) = 0.34. சுருக்கினால் 0.3 + 0.4x = 0.34. x = 0.10. நம்பாதவர்கள் 10 சதவீதம். சரிபார்க்க: நம்பாத 100 பேரில் 70, நம்புகிற 900 பேரில் 270, மொத்தம் 340. அந்த 340 பேரில் யார் எழுபதில் ஒருவர், யார் இருநூற்றி எழுபதில் ஒருவர் என்று ஊர்ப் பெரியவர் வந்து கேட்டாலும், போலீஸ் வந்து கேட்டாலும், ஆய்வாளரால் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு தேவையே இல்லை, அவருக்கே தெரியாது.

ஏன் 7-க்கு 3? 5-க்கு 5 போட்டால் x மறைந்துபோகும். எல்லோரும் நாத்திகரானாலும், எல்லோரும் பக்தரானாலும் பாதிப் பேர்தான் "பொருந்துது" என்பார்கள். 9-க்கு 1 போட்டால் கணக்கு கூர்மையாகும், ஆனால் மறைப்பு கிழிந்துவிடும்: நம்பாதவர்கள் 10 சதவீதம் இருக்கும் ஊரில், "பொருந்துது" என்ற ஒருவர் நம்பாதவராக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. 7-க்கு 3-ல் அது ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு சந்தேகத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

இந்த மறைப்புக்கு விலை உண்டு. எல்லோரும் மெய் சொல்லும் ஊரில் 1,000 பேரிடம் நேரடியாகக் கேட்டால், 10 சதவீதம் என்ற விடையில் பிழை 1.9 புள்ளி முன்பின், அதாவது 8.1 முதல் 11.9 சதவீதம் வரை. பாசிப்பையில் அதுவே 7.3 புள்ளி. நேரடிக் கேள்வியின் கூர்மை வேண்டுமென்றால் சுமார் 15,600 பேரிடம் போக வேண்டும். 4,000 பேர் என்றால் 3.7 புள்ளியில் நிற்கும். கட்டுப்படியாகக்கூடிய அளவு அதுதான்.

களத்தில் எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்த பாசியைத் திரும்பப் போட மறந்தால் அடுத்த வீட்டில் 7-க்கு 3 என்பது 6-க்கு 3 என்றோ 7-க்கு 2 என்றோ ஆகிவிடும். வாசலிலேயே பத்தையும் எண்ணிப் பார்க்காமல் அடுத்த படி ஏறக் கூடாது. இன்னும் ஆபத்தானது தட்டிக்கழிப்பு. ஆயிரத்தில் 50 பேர் மட்டும், எந்தப் பாசி வந்தாலும் யோசிக்காமல் "பொருந்தல" என்று சொல்லிவிட்டால், 340 என்பது 323 ஆகும், விடை 10-லிருந்து 5.75-க்கு இறங்கிவிடும். இருபதில் ஒருவர் விலகினால் பாதி உண்மை போய்விடுகிறது. "பொருந்துது" என்றால் நாத்திகர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இதற்குக் காரணமாகலாம். இதற்குத் தலைகீழான தயக்கமும் உண்டு. சிவப்புப் பாசி வந்த ஆச்சிக்கு, சாமி விஷயத்தில் "இல்ல" என்ற சொல்லை வாயால் சொல்லவே மனசு வராது. அதனால்தான் ஆம், இல்லை என்று கேட்காமல் "பொருந்துது", "பொருந்தல" என்று வைத்தேன். அதையும்விட, 1, 2 என்று எழுதிய இரண்டு சீட்டில் ஒன்றைத் தொட்டுக்காட்டச் சொல்வது நல்லது. தெய்வம் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியை வைத்து முதலில் இரண்டு தடவை பழக்கிவிட வேண்டும்.

பாசியே வேண்டாம் என்றால் பட்டியல் முறை இருக்கிறது. ஒரு குழுவிடம் நான்கு வாசகம்: தாமிரபரணியில் குளித்திருக்கிறேன், விமானத்தில் போயிருக்கிறேன், தினமும் காப்பி குடிப்பேன், வீட்டில் மாடு உண்டு. எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்துகிறது என்ற எண்ணை மட்டும் சொன்னால் போதும். இன்னொரு குழுவுக்கு இதே நான்கோடு "கடவுள் இல்லை என்று நினைக்கிறேன்" என்பது ஐந்தாவது. முதல் குழுவின் சராசரி 1.9, இரண்டாவதன் சராசரி 2.0 என்றால் இடைவெளி 0.1, அதாவது 10 சதவீதம். நான்கும் எல்லோருக்கும் பொருந்தும்படி இருந்துவிட்டால் "அஞ்சு" என்றவர் மாட்டிக்கொள்வார். ஆகவே அரிதான ஒன்றாவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வில் ஜெர்வைஸ், மாக்சின் நாஜ்லே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2,000 பேர் கொண்ட இரண்டு மாதிரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். தொலைபேசி ஆய்வுகளில் 3 முதல் 11 சதவீதம் என்று வந்துகொண்டிருந்த நாத்திகர் பங்கு அவர்களுக்குச் சுமார் 26 சதவீதம் என்று வந்தது. ஆனால் அதே ஆய்வில், இரண்டும் இரண்டும் சேர்ந்தால் 13-ஐ விடக் குறைவு என்பதை நம்பவில்லை என்ற ஒரு சோதனை வாசகத்துக்கும் மூன்றில் ஒரு பங்குபோல் விடை வந்துவிட்டது. அத்தனை பேருக்குக் கூட்டல் தெரியாது என்று யாரும் நம்பமாட்டார்கள். "நம்பவில்லை" என்ற எதிர்மறை வாக்கியம் ஆளைக் குழப்பியிருக்கும். 26 என்ற எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இந்தச் சோதனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பியூ ஆய்வின் 97-ஐத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கும் அதே நியாயம்தான். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதை வைத்துக் கடவுள் இருப்பதையோ இல்லாததையோ நிரூபிக்க முடியாது.

இப்படி ஓர் ஆய்வை அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் சமூகவியல் மாணவர்களும் புள்ளியியல் மாணவர்களும் சேர்ந்து செய்ய முடியும். செய்ய வேண்டும் என்பது என் ஆசை. லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். பேருந்துச் செலவும், சாப்பாட்டுச் செலவும், பாசிமணிகளும் போதும். கருவி வாங்கத் திறக்கிற நிதிப் பை, வீடு வீடாகப் போய்க் கேட்கிற ஆய்வுக்கும் திறக்க வேண்டும்.

எந்த மாதத்தில் கேட்பது என்பதுதான் மிச்சம். சித்திரை, வைகாசியில் கொடை. ஆனியில் நெல்லையப்பர் தேர். ஆடியில் சொரிமுத்து ஐயனார் அமாவாசையும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவும். ஆவணியில் திருச்செந்தூர், புரட்டாசியில் குலசை தசரா, கார்த்திகையில் ஐயப்ப மாலை, மார்கழியில் பஜனையும் கிறிஸ்துமஸும், பங்குனியில் சாஸ்தா. நம்பிக்கை சூடேறாத மாதம் என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. ஆகவே 4,000 பேரையும் ஒரே மூச்சில் கேட்காமல், மாதத்துக்கு 334 பேர் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்ப வேண்டும். ஒருவர் நாளைக்குப் பன்னிரண்டு வீடு ஏறினால், இரண்டு மாணவர்களுக்கு மாதம் பதினான்கு நாள் வேலை.