துகள் சிமுலேஷனுக்கு ஜிபியு வாங்கும் முன்

"எந்த ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராஃபிக்ஸ் சிப்) வாங்கலாம்?" மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் செய்யும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் கணக்கில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

10,000 துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்றால், ஒவ்வொரு நேர அடியிலும் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகளுக்கு விசை கணக்கிட வேண்டும். துகள்களை நகர்த்துவதோ வெறும் 10,000 கணக்கு. 1989-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சுகிமோட்டோ, மாகினோ குழுவினர் விண்மீன்களின் அசைவைக் கணக்கிட உருவாக்கிய கிரேப் என்ற கருவி இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. ஈர்ப்பு விசைக்கு மட்டும் தனி மின்சுற்று. மற்ற வேலையெல்லாம் அதோடு இணைத்த சாதாரணக் கணினிக்கு.

அதில் இன்னொரு துணிச்சலும் உண்டு. ஜோடி விசைகளை 8 பிட்டில் (பிட் குறைந்தால் துல்லியமும் குறையும்) கணக்கிட்டு, கூட்டுத்தொகையை மட்டும் 48 பிட்டில் வைத்தார்கள். பிழைகள் இரு பக்கமும் சிதறி விழுவதால், கூட்டும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். விண்மீன் மண்டலங்களுக்கு அது போதும். விண்மீன்கள் நெருங்கிச் சுற்றும் கொத்துகளுக்குப் போதாது. அதற்காகவே துல்லியம் கூடிய கிரேப்-2 வந்தது.

இன்றைய ஜிபியுவிலும், எவ்வளவு துல்லியம் போதும் என்ற இதே கேள்விதான். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கேமிங் கார்டில் 64 பிட் வேகம் 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்கு, கணிப்பு மையங்களுக்கான ஏ100 கார்டில் பாதி. விலை வித்தியாசம் சொல்லவே வேண்டாம். ஆனால் மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளான குரோமாக்ஸ் வழக்கமாக ஓடுவது கலப்புத் துல்லியத்தில், பெரும்பகுதி 32 பிட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று 64 பிட்டுக்குக் காசு கொடுப்பது என் பார்வையில் வீண்.

அப்புறம், விசைக் கணக்கு மொத்த நேரத்தில் 90 சதவீதம் என்றால், அதை எவ்வளவு முடுக்கினாலும் மீதி 10 சதவீதம் அப்படியே நிற்பதால் மொத்த வேகம் 10 மடங்கைத் தாண்டாது. டி. இ. ஷா ரிசர்ச் நிறுவனம் 2008-இல் இயக்கிய, மூலக்கூறு சிமுலேஷனுக்கென்றே செய்த ஆன்டன் கணினி, விசையோடு நிற்காமல் துகள் நகர்த்தலையும் தகவல் பரிமாற்றத்தையும் சேர்த்து 512 சிப்களுக்குள்ளேயே முடித்தது. ஒரு சிறு புரதத்தின் ஒரு மில்லிவினாடி அசைவை 2010-இல் அதனால் காட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படி அளப்பது? குரோமாக்ஸ் ஓடி முடித்ததும் லாக் கோப்பின் கடைசியில் எந்த வேலைக்கு எத்தனை சதவீத நேரம் என்று அட்டவணை இருக்கும். கொட்டேஷன் கேட்பதற்கு முன் அதை எனக்கு அனுப்புங்கள்.