தீபகற்பம்: கர்ப்பமா, கற்பமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்க வருவார்கள். சென்ற மாதம் ஒரு சிறுமி சமூக அறிவியல் விடைத்தாளை நீட்டினாள். 'இத்தாலி ஒரு தீபகர்ப்பம்' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். அரை மதிப்பெண் போயிருந்தது. அவளிடம் நியாயம் தயாராக இருந்தது. "கடலோட வயிற்றுக்குள் நிலம் இருக்கிறது சார், அதனால்தானே கர்ப்பம்?"

அழகான விளக்கம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தவர் பக்கத்து வீட்டு அவ்வா. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவ்வா சிறுவயதில் தெலுங்கு வழியில் படித்தவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "கல்பம், கண்ணு. கர்ப்பம் இல்லை. நாங்கள் த்வீபகல்பம் என்றுதான் படித்தோம்" என்றார். கீரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

அவர் சொன்னதற்கு நம் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. வடசொல்லில் பகரத்துக்கு முன் நிற்கும் 'ல்' தமிழுக்கு வரும்போது 'ற்' ஆகிவிடும். அல்பம் அற்பமாயிற்று, சில்பம் சிற்பமாயிற்று, கல்பனா கற்பனையாயிற்று. அதே வழியில் கல்பம் கற்பமாயிற்று. வயிற்றில் இருக்கும் கர்ப்பம் வேறு மூலத்திலிருந்து வந்தது. அங்கே இருப்பது ரகரம். ஆகவே ஆசிரியர் போட்ட வட்டம் சரிதான். காரணத்தையும் ஓரத்தில் எழுதியிருந்தால் அரை மதிப்பெண் போன வருத்தம் பாதியாகக் குறைந்திருக்கும்.

சரி, கற்பம் என்றால் என்ன? அகராதியைத் திறந்தால் பிரம்மாவின் ஒரு பகல் என்று ஒரு பொருள் வரும். காயகற்பத்தில் வரும் மருந்து இன்னொன்று. இரண்டும் இங்கே உதவா. இங்கே வருவது தனிச்சொல்லே அல்ல, ஒரு பின்னொட்டு. 'கொஞ்சம் நிறைவு பெறாதது' என்ற பொருளில் 'கல்ப' என்ற ஒட்டு சேரும் என்று வடமொழி இலக்கணம் வகுத்த பாணினி ஒரு சூத்திரத்தில் விதித்திருக்கிறார். வித்வத்கல்பன் என்றால் ஏறக்குறைய வித்வான். ஆனால் ஒரு படி குறைவு. (எங்கள் பேட்டையில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். திண்ணையில் பாடம் நடத்தும் நானே ஒருவன்.) அப்படியானால் த்வீபகல்பம் என்பது ஏறக்குறைய தீவு. நீர் முழுதாகச் சுற்றிவர ஒரு பக்கம் மட்டும் மிச்சம்.

இலத்தீன்காரர்களும் இதே இடத்தில்தான் வந்து நின்றார்கள். ஆங்கிலப் 'பெனின்சுலா'வைப் பிரித்தால் 'பேனே' என்பது ஏறக்குறைய, 'இன்சுலா' என்பது தீவு. ஜெர்மானியரும் ரஷ்யரும் 'அரைத்தீவு' என்கிறார்கள். அரபியர் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் தங்கள் நிலத்தை 'ஜசீரா', அதாவது தீவு என்றே அழைத்தார்கள். கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீசின் பெயருக்கும் 'பெலொப்ஸின் தீவு' என்பதே பொருள். உண்மையில் கொரிந்து என்னும் ஒடுங்கிய பூசந்தி (இரு நிலங்களை இணைக்கும் நிலத்துண்டு) அதை வடக்கு நிலத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. 1893இல் அந்தப் பூசந்தியைக் குறுக்கே வெட்டிச் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் அமைத்தார்கள். பெயர் வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் அது மெய்யாயிற்று.

இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க ஐரோப்பாவைவிட நல்ல கண்டம் கிடையாது. வரைபடத்தைத் திண்ணையில் விரித்து, அந்தச் சிறுமியை விரலால் கரையோரத்தைத் தடவிக்கொண்டே வரச் சொன்னேன். விரல் ஓரிடத்திலும் நேராகப் போகவில்லை. தென்மேற்கில் ஐபீரியா; அதில் ஸ்பெயின், போர்ச்சுகல், வடக்கே பிரனீஸ் மலையில் குட்டி அண்டோரா, தெற்கு முனையில் பிரிட்டன் வசமுள்ள ஜிப்ரால்டர். நடுவில் காலணி வடிவில் இத்தாலி. கிழக்கே பால்கன்; கிரீஸ், அல்பேனியா, பல்கேரியா என்று நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம். அதன் வடக்கு எல்லை எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை. வடக்கே நார்வேயும் சுவீடனும் சேர்ந்த ஸ்காண்டிநேவியா. ஐரோப்பா முழுவதையுமே ஆசியாவிலிருந்து மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தீபகற்பம் என்பாரும் உண்டு.

டென்மார்க்கில் வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஜட்லாந்து என்னும் தீபகற்பம் அந்நாட்டின் பெரும்பகுதி. அதன் அடிப்பகுதியோ ஜெர்மனியில் இருக்கிறது. தலைநகர் கோபன்ஹேகனைத் தேடினால் அது ஜட்லாந்திலேயே இல்லை. கிழக்கே சீலாந்து என்ற தீவில் இருக்கிறது.

அப்போதுதான் விடைத்தாளில் வட்டம் விழாத இன்னொரு பிழை எனக்குத் தென்பட்டது. 'இத்தாலி ஒரு தீபகற்பம்' என்று எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாலும் அது முழுச்சரி அல்ல. தீபகற்பம் என்பது நிலத்தின் வடிவம். நாடு என்பது மனிதர் போட்ட எல்லை. இத்தாலிக்குச் சொந்தமான சிசிலியும் சார்டினியாவும் தீவுகள். தீபகற்பத்துக்குள் இருக்கும் சான் மரீனோவும் வத்திக்கானும் தனி நாடுகள்.

இனி நல்ல தமிழில் என்ன சொல்வது? மூவலந்தீவு என்று ஒரு சொல் உண்டு. மூன்று புறமும் நீர் சூழ்ந்தது என்பது கருத்து. காதுக்கு இனிமைதான், ஆனால் கடைசியில் தீவு என்றே முடித்துவிடுகிறது. அரபியரும் கிரேக்கரும் செய்ததைத்தான் இதுவும் செய்கிறது.

குடாநாடு என்பது உயிருள்ள சொல். யாழ்ப்பாணத்தார் அதை நாளும் பேசுகிறார்கள். குடாநாட்டின் வாசலான ஆனையிறவுக்கு அப்பால் உள்ளதைப் பெருநிலப்பரப்பு என்பார்கள். குடா என்பது கடல் வளைந்து நிலத்துக்குள் நுழையும் இடம். வளைகுடா, விரிகுடா என்பவற்றில் இருக்கும் அதே குடா. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் உலக நாடுகளைப் பற்றி எழுதும்போது இடறுகிறது. 'ஐபீரியக் குடாநாட்டில் உள்ள நாடுகள்' என்று எழுதிப் பாருங்கள், சங்கடம் புரியும்.

சிலர் தீவக்குறை என்று எழுதுகிறார்கள். என் வாக்கு இதற்கே. ஆற்று நடுவே கிடக்கும் திட்டை ஆற்றிடைக்குறை என்பது பழைய வழக்கு. அங்கே குறை என்றால் துண்டு. தீவக்குறையில் அதே சொல் குறைபாடு என்ற பொருளையும் தருகிறது: தீவாவதற்குக் கொஞ்சம் குறை. 'கல்ப' என்ற ஒட்டு சொல்ல வந்ததும் அதுதானே? தீவு என்பதற்கு மூலமும் த்வீபம்தான் என்று யாராவது கொடி பிடித்தால், அது தமிழில் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று என்பதே என் பதில். தேர்வில் மட்டும் பாடநூல் சொல்லான தீபகற்பத்தையே எழுதும்படி அவளிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு அரை மதிப்பெண்ணை இழக்க வைக்க எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை போயிருந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். வடக்கே பார்த்தால் எதிர்க்கரையில் காட்டுப்பள்ளி நிலம். அதற்கு வலப்பக்கம் கடல், முன்னால் முகத்துவாரம், இடப்பக்கம் கழிமுக நீர். அதைக் காட்டுப்பள்ளித் தீவு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "அது தீவுதானா ஐயா?" என்று கேட்டேன்.

"முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் இல்லை, தூர் வாரிவிட்டால் தீவு" என்றார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தபடி, "நாங்கள் அக்கரை என்போம்" என்றார்.